வராம இருக்காது

பொய் சொல்லாதவன் பேரை வைத்துக்கொண்டு
நாளுக்கு இரண்டு தரம் திசை மாற்றிப் பேசும்
எங்கள் அரிச்சந்திரா நதி.
மேற்கிலிருந்து வந்தால் குடிக்கலாம்.
ஓதம் ஏறிக் கிழக்கிலிருந்து வந்தால்
மாடுகூட முகத்தைத் திருப்பும்.

ஆவணி மூன்று, பகல் பதினொன்றரை.
தலைஞாயிறுக்குத் தெற்கே
கூட்டுறவுச் சங்கத்து உரக் கிட்டங்கி.
யூரியா மூட்டைமேல் மூன்று பேர்,
தீர்மான நோட்டோடு நான்.
கும்பகோணத்தில் கணிதம் படித்தேன்.
தர்க்கத்தில் தொடங்கிய ஆய்வு
மூன்றாம் வருடக் கட்டணத்தில் நின்றது.
இப்போது பயிர்க்கடன் பதிவேடு.

விதி பழையது, ஒரே வரி:
தண்ணீரும் வந்து கரையும் தாங்குமென்றால் நாற்று;
அல்லாவிட்டால் நேரடி விதைப்பு.

சௌரிராஜன்: தண்ணி வரும், கரை தாங்கும், நாத்து விடு.
அபூசாலி: அணையில இருக்கிறது அங்கேயே தீந்துடும்.
கரைக்கு ஒண்ணுமில்ல. விதைச்சுட்டுப் போ.
தையல்நாயகி: தண்ணி வராம இருக்காது.
ஆனா கரை பூரா நண்டு வளை. விதை.

எண்ணினேன்.
தண்ணீர் வரும், மூன்றில் இரண்டு.
கரை தாங்கும், மூன்றில் இரண்டு.
நாற்று வேண்டாம், அதற்கும் இரண்டு.

ஒவ்வொருவரும் தனித்தனியே நேராகத்தான் பேசினார்கள்.
கூட்டியதும் ஊர் உளறுகிறது.

நான்கு மணிக்குப் பொறியாளர் ஜீப்பில் வந்தார்.
வாசித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"ரெண்டும் சரின்னா நாத்துன்னு நீங்களே எழுதுறீங்க.
ரெண்டும் சரிங்கிறீங்க. நாத்து வேண்டாங்கிறீங்க.
முரண்பாட்டை எப்படிம்மா கோப்புல வைக்கிறது?"

அவர் பயம் எனக்குத் தெரியாததல்ல.
ஒரு முரண் உள்ளே வந்தால்
எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம்,
பழைய தர்க்கத்தின் கணக்கு அது:
யூரியா இனிக்கும்.
மேட்டூர் கடலுக்குள் இருக்கிறது.
பொறியாளர் ஒரு மடையான்.

ஒரு வருடம் ஷட்டர் இடுக்கில் கசிந்த உப்பில்
நாற்பது மா கருகியதைப் பார்த்தவள் நான்.
அதற்காகக் கடல் இல்லை என்று
யாரும் தீர்மானம் போடவில்லை.
ரெகுலேட்டருக்குப் புதுப் பலகை போட்டார்கள்.
கடல் அந்தப் பக்கம் இருந்தது,
இந்தப் பக்கம் நெல் விளைந்தது.

முரணுக்கும் பலகை போடுகிற தர்க்கம் உண்டு சார்,
வந்த இடத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு
மீதி வேலையைப் பார்க்கலாம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் மணி பார்த்தார்.

தையல்நாயகி எழுந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.
"என் பேருக்கு நேரே ‘வரும்’னா போட்டிருக்கே?
நான் வரும்னு சொல்லல.
வராம இருக்காதுன்னேன்."

ரெண்டும் ஒண்ணுதானே என்றார் பொறியாளர்.
"ஒண்ணா?
மருமவன் வராம இருக்கமாட்டான்னு
உலையில அரிசி போடுவீங்களா?"

அபூசாலி சிரித்ததில் மூட்டை சரிந்தது.

நான் சிரிக்கவில்லை.
இல்லை, அல்ல, வேண்டாம், மாட்டேன், கூடாது
என்று இத்தனை மறுப்பு வைத்திருக்கும் மொழியில்
எனக்குக் கொடுத்த நோட்டில் இரண்டே கட்டம்.
மூன்றில் இரண்டு என்று நான் எண்ணிய இரண்டில்
ஒன்று என் கைப்பிழை.
ஊர் உளறியதில் பாதி என் பேனா.

அளவுகோல் வைத்துப் பென்சிலால்
மூன்றாவது கட்டம் ஒன்று கோடிட்டேன்.
தலைப்பு தோன்றவில்லை.
அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்,
எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது.

ஒன்பதாம் நாள் கோப்பு திரும்பியது:
"தெளிவுபடுத்துக."

அதற்குள் அபூசாலி விதைத்துவிட்டார்.
சௌரிராஜன் பம்புசெட் ஓரம்
அரை மா மட்டும் நாற்று விட்டிருக்கிறார்,
யாருக்கும் சொல்லாமல்.
தையல்நாயகி மண்வெட்டியோடு கரையில்,
ஒவ்வொரு வளையாகக் காலால் மிதித்து.

பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன்.
ஓதமும் வெள்ளமும் தோள் முட்டும் நேரம்.
ஒரு வைக்கோல் துரும்பு
கிழக்கே போகவில்லை, மேற்கேயும்.
பையில் கோப்பு.
இன்னும் பதில் எழுதவில்லை.